அறைக்கதவைப் பூட்ட முடியாதவர்கள் எங்கே தொழுவது?

சகோதரி, தனி ஆராதனையை எப்படிச் செய்வது என்றுதான் உங்கள் கேள்வி தொடங்குகிறது. முழுவதையும் படித்தபோது நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று எனக்குப் பட்டது. சென்னையில் செவிலியராக வேலை. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எப்போதாவதுதான் வாய்க்கிறது. விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். காலையில் வந்து குளித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி ஐந்து நிமிடம் ஜெபிக்கிறீர்கள். பல நாள் பாதியிலேயே தூங்கிவிடுகிறீர்கள். பாட்டு இல்லை, சத்தம் இல்லை, கண்ணீரும் இல்லை. வாய்விட்டுத் துதிக்காதது ஆராதனையே ஆகாது என்று உடன் பணிபுரியும் தோழி சொல்கிறார். ஆக, "நான் செய்வது ஆண்டவருடைய கணக்கில் வருமா?" என்பதுதான் உங்களை உறுத்துகிறது. செய்முறையைப் பிறகு சொல்கிறேன். உறுத்தலுக்குப் பதில் முதலில்: வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர்ச் சேகரங்களில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பிரிவுகளில். வேதபண்டிதன் அல்லன், இறையியல் கல்லூரியில் கற்ற கிரேக்கமும் எபிரெயமும் ஓரளவு கைவசம் உண்டு. அதைவிட, ஜெபிக்க முடியவில்லை என்று வந்து உட்கார்ந்த மனிதர்களிடம் கற்றது அதிகம்.

உங்கள் தோழியின் சொல்லுக்குப் பின்னால் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. நம் சபைகளில் 'ஆராதனை' என்றால் ஞாயிறு காலை எட்டரை மணி நிகழ்ச்சி. வேறு சில சபைகளில் அது இன்னும் குறுகி, பிரசங்கத்துக்கு முன்னால் கைதட்டிப் பாடும் அரை மணி நேரத்துக்கு மட்டும் பெயராகிவிட்டது. ஆனால் பவுல் ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் 'புத்தியுள்ள ஆராதனை' என்று எதைச் சொல்கிறார் என்று பாருங்கள்: உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதை. அங்கே பாட்டும் இல்லை, இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு மனித உடம்பு இருக்கிறது. அது பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய உடம்பாகவும் இருக்கலாம். நான் பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. கீர்த்தனை இல்லாத வீட்டில் நான் வளரவில்லை. பாட்டு ஆராதனையின் ஒரு வடிவம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சத்தத்தைப் பற்றி வேதமே ஒரு நிகழ்ச்சியை நமக்காக வைத்திருக்கிறது. சீலோவிலிருந்த ஆலயத்திலே, பிற்பாடு சாமுவேல் தீர்க்கதரிசிக்குத் தாயான அன்னாள் ஜெபித்தபோது அவளுடைய உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. அதைப் பார்த்து, அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தவர் யார்? வழிப்போக்கர் அல்லர், ஆசாரியனாகிய ஏலி. ஆராதனையை நடத்துவதே தொழிலாகக் கொண்டவர், தன் கண்முன் நடந்த உண்மையான ஆராதனையை அடையாளம் காணாமல் போனார். குருவானவனாகிய எனக்கு அந்த வசனம் ஒவ்வொரு முறையும் குத்தும். உங்கள் தோழியிடம் வாதாட வேண்டாம். அவர் சத்தமாய்த் துதிக்கட்டும். அதற்கும் வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் இடமுண்டு. உங்களுக்கு அன்னாள் இருக்கிறாள்.

அடுத்து, அறை. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற இயேசுவின் சொல்லை எழுதி, எனக்கு அறையே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மலைப்பிரசங்கத்தைக் கேட்ட கலிலேயாக்காரர்களில் பெரும்பாலோருக்கும் தனியறை இருந்திருக்காது. ஏழை வீடுகளில் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில்தான் படுத்தது. லூக்கா 11-இல் நள்ளிரவில் அப்பம் கேட்டு வந்தவனிடம், "என் பிள்ளைகள் என்னோடே படுத்திருக்கிறார்கள்" என்று வீட்டுக்காரன் உள்ளிருந்து சொல்கிறானே, அந்த மாதிரி வீடு. மத்தேயுவில் 'அறைவீடு' என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிற கிரேக்கச் சொல் 'தமெயோன்'. அதே சொல் லூக்கா 12-இல் காகங்களைப் பற்றிய வசனத்தில் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பு 'பண்டசாலை' என்கிறது. அதாவது தானியமும் எண்ணெயும் வைக்கிற உள்ளறை. ஜெபத்துக்கென்று அலங்கரித்த இடம் அல்ல. யாரும் எட்டிப் பார்க்காத மூலை. அந்தப் பகுதியின் அழுத்தம் கதவில் இல்லை, பார்வையாளர் இல்லாமையில் இருக்கிறது. சந்திகளில் நின்று மனுஷர் காணும்படி ஜெபிக்கிறவர்களுக்கு மாற்றாகத்தான் இயேசு இதைச் சொல்கிறார். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது செய்தது ஒன்றே ஒன்று: முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டு ஜெபித்தான். அரண்மனைக்காரனுக்கே அன்று சுவர்தான் அறை. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்குமென்று நினைக்கிறேன்.

நிலையைப் பற்றியும் அப்படியே. வேதத்தில் நின்று ஜெபித்தவர்கள் உண்டு, முழங்காற்படியிட்டவர்கள் உண்டு, முகங்குப்புற விழுந்தவர்கள் உண்டு. தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்தான் என்று 2 சாமுவேல் 7 சொல்கிறது. என் அனுபவத்தில் உடம்பு ஏதாவது ஒன்றைச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் மனம் அதைப் பொருட்படுத்துவதில்லை. படுத்தபடி ஜெபித்தால் தூக்கம் வருவது இயல்பு, பாவம் அல்ல. ஆனாலும் இரண்டு நிமிடமாவது கட்டிலின் ஓரத்தில், இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்து பாருங்கள். இது என் யோசனை மட்டுமே, கட்டளை அல்ல.

நேரக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் இதில் மாட்டிக்கொண்டு வருந்துவதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாளில் பத்தில் ஒரு பங்கு தேவனுக்கு, ஆகவே தினமும் இரண்டு மணி இருபத்துநான்கு நிமிடம் ஜெபிக்க வேண்டும் என்று சிலர் போதிக்கிறார்கள். வேதத்தில் தசமபாகம் விளைச்சலுக்கும் ஆடுமாடுகளுக்கும் சொல்லப்பட்டது. மணி நேரத்துக்கு அல்ல. விருப்பத்தோடு அவ்வளவு நேரம் ஜெபிக்கிறவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் அதை இன்னொருவர் தோளில் சுமையாக ஏற்ற வேதத்தில் ஆதாரம் இல்லை. அதிகாலைதான் சிறந்தது என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் என்று மாற்கு எழுதுகிறார். அதே இயேசு இராமுழுவதும் மலைமேல் ஜெபித்தார் என்று லூக்கா எழுதுகிறார். உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு சங்கீதம் இருக்கிறது, 134-ஆவது. மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று தொடங்குகிறது. எருசலேம் ஆலயத்திலும் இரவுப் பணி இருந்தது. ஊர் தூங்கும்போது விழித்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை வாழ்த்தி எழுதிய பாட்டு அது.

இனிச் செய்முறை. நான் சொல்வது மிகச் சிறியது. பெரிதாகத் தொடங்கிப் பத்தாம் நாள் விட்டுவிட்டு, விட்டதற்காகக் குற்ற உணர்வில் மூழ்கியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தவுடன் ஜெபிக்கத் தொடங்காதீர்கள். முதலில் வேதத்தில் ஒரு சிறு பகுதியை வாசியுங்கள். இது என் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், பத்தாண்டுகளாகக் காலையில் எழுந்ததும் நேரே ஜெபத்துக்குப் போய், மனம் அலைபாய்ந்து, கால் மணியோ அரை மணியோ கழித்துத்தான் உண்மையில் ஜெபிக்கத் தொடங்கினதாகவும், முதலில் வசனத்தை வாசித்துத் தியானிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் போராட்டம் பெரும்பாலும் தீர்ந்ததாகவும் 1841-இல் எழுதிவைத்தார். ஜெபத்துக்குப் பேர்போன மனிதர் அவர். அவருக்கே மனம் அலைந்தது என்பதை நான் இளம் வயதில் படித்தபோது எனக்கு மூச்சு வந்தது.

வாசிப்பதை உதடு அசைய, முணுமுணுப்பாக வாசியுங்கள். முதலாம் சங்கீதத்தில் 'இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன்' என்று வருகிறதே, அந்தத் தியானத்துக்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'ஹாகா'. ஏசாயா அதே சொல்லை இரையின்மேல் உறுமுகிற சிங்கத்துக்கும், புலம்புகிற புறாவுக்கும் பயன்படுத்துகிறார். மனத்தை வெறுமையாக்கிக் கண்மூடி இருப்பது அல்ல அது; தொண்டையில் சிறு ஒலியோடு ஒரு வரியை மென்றுகொண்டே இருப்பது. நான்கு பேர் அறையில் யாருடைய தூக்கமும் கலையாமல் இதைச் செய்யலாம். எதை வாசிப்பது? ஒரு மாதத்துக்குச் சிறிய சங்கீதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 13, 23, 121, 130, 131, 134. ஒரே சங்கீதத்தை ஒரு வாரம் முழுவதும் வாசித்தாலும் குறைவில்லை. "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்கிற 131-ஐ நான் ஒரு தவக்காலம் முழுக்க வாசித்திருக்கிறேன். முடிந்தால் அச்சுப் புத்தகத்தில் வாசியுங்கள். கைப்பேசியில் வசனத்தைத் திறந்தால் பணி அட்டவணைச் செய்தியும் வீட்டுக் கடன் செய்தியும் கூடவே வந்து நிற்கும்.

பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அந்த நிமிடத்தில் தோன்றுகிறதெல்லாம் ஆண்டவருடைய குரல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த இடத்தில் நான் எச்சரிக்கையானவன். களைத்த மூளை எதையும் பேசும். தோன்றியது கிறிஸ்துவின் சுபாவத்துக்கு ஒத்திருக்கிறதா, வேறொரு முதிர்ந்த விசுவாசியிடம் சொல்லிக் கேட்க அது இடம் தருகிறதா என்று பாருங்கள். "இப்போதே செய், யாரிடமும் சொல்லாதே" என்று விரட்டுகிற எந்த எண்ணத்தையும் நான் நம்புவதில்லை. மனம் வேறெங்கோ போய்விட்டால் திட்டிக்கொள்ளாமல் வாசித்த வரிக்குத் திரும்புங்கள். இருபது முறை போனால் இருபது முறை திரும்புங்கள்.

கடைசியாகக் கர்த்தருடைய ஜெபம். மனப்பாடமாகச் சொல்வது இயேசு கண்டித்த வீண்வார்த்தை அலப்புவது ஆகாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். தொடக்கக் காலத் திருச்சபையின் கையேடான திதகே, இந்த ஜெபத்தை ஒரு நாளில் மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குக் கூறுகிறது. அது கண்டிக்கப்பட்ட அலப்பல் என்றால் முதல் தலைமுறைகளே அதில் விழுந்திருக்க வேண்டும். சொந்த வார்த்தை வறண்டுபோகிற நாளில் இரவல் வார்த்தைதான் தாங்கும். அதிலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். கதவைப் பூட்டித் தனியே ஜெபிக்கச் சொன்ன அதே அதிகாரத்தில், அடுத்த சில வசனங்களிலேயே இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் 'என் பிதாவே' என்று தொடங்கவில்லை. 'எங்கள் பிதாவே' என்கிறது. அப்பமும் எங்களுக்கு, மன்னிப்பும் எங்களுக்கு. தனியே இருக்கிறவள் வாயில் பன்மை. அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் உங்கள் வார்டில் எட்டாம் எண் கட்டிலில் இருக்கிறவரும் இருக்கிறார்.

இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு கைம்பெண், பனையோலைப் பெட்டி முடைகிறவர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் மாலையில் கோவில் மணி அடிக்கும்; உபதேசியார் சிறு ஜெபம் நடத்துவார். அப்போது நான் குருப்பட்டம் பெற்று ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒரே காலையில் மூன்று ஊர்களில் ஆராதனை நடத்துவேன். பிரசங்கத்துக்காக அன்றி எனக்காக வேதத்தைத் திறந்து மாதக்கணக்காகி இருந்தது. அது எனக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை எல்லாரும் போன பிறகு அந்த அம்மா மட்டும் பின்வரிசைத் தரையில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாதவர். மனப்பாடமாக இருபத்துமூன்றாம் சங்கீதம், பிறகு கர்த்தருடைய ஜெபம், பிறகு மேலத்தெருவின் கடைசி வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீட்டாரின் பெயர். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற வீட்டின் பெயரும் வந்தது. அந்த இடத்தில் மட்டும் சற்று நிறுத்தினார். "எல்லாரையும் ஆசீர்வதியும் என்று சொன்னால் போதாதா அம்மா?" என்று கேட்டேன். "அப்படிச் சொன்னால் ஒரு முகமும் நினைவுக்கு வருவதில்லை ஐயா" என்றார். பத்து நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. எழுந்து, ஓலைக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வெகுநேரம் அங்கேயே இருந்தேன். அதன் பிறகுதான் எனக்கு மறுபடியும் ஜெபிக்க வந்தது, பெயர்களிலிருந்து தொடங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: பணி முடிந்து வரும்போது மூன்று நோயாளிகளின் பெயரை மனத்தில் கொண்டுவாருங்கள். வேண்டுதலை நீட்டி முழக்க வேண்டாம். பெயர் போதும்.

பணி நேரத்தில் ஜெபிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் துறவியர் மடமொன்றில் சமையலறை வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், தனக்கு இயல்பாகவே பிடிக்காத அந்த வேலைக்கு நடுவிலேயே தேவசமுகத்தில் இருக்கப் பழகினார். 1691-இல் அவர் இறந்தார். அடுப்படியில் அவர் கற்றதை இன்றும் பல நாட்டார் படிக்கிறார்கள். ஆனால் மருந்தளவு பார்க்கும்போது மருந்தளவை மட்டும் பாருங்கள். அந்தக் கவனமே அப்போது உங்கள் காணிக்கை. அதில் ஜெபத்தைக் கலந்து பிழை நேர்ந்தால் அது யாருக்கும் மகிமை அல்ல. கை கழுவுகிற நேரம் வேறு. சோப்புப் போட்டு முறையாகக் கழுவ நாற்பது நொடி முதல் ஒரு நிமிடம் ஆகும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்ற வசனம் அதற்குள் இரண்டு மூன்று முறை அடங்கும். ஓர் இரவில் எத்தனை முறை கை கழுவுகிறீர்கள்!

ஒன்றும் உணரவில்லை, கண்ணீர்கூட வரவில்லை என்ற வரியை நான் கடந்துபோக விரும்பவில்லை. உணர்ச்சி வந்தால் நன்றி சொல்லுங்கள். வராததை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். சங்கீதங்களில் கணிசமான பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்பது வேதத்துக்கு வெளியே யாரோ அவிசுவாசி சொன்னது அல்ல. 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் முடிகிறது, அதுவும் ஆலயத்தில் பாடப்பட்டது. ஆனால் இந்த வறட்சியோடு தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் விருப்பம் இல்லாமல் வாரக்கணக்கில் இருக்கிறீர்கள் என்றால், அது என் படிப்புக்கு வெளியே உள்ள காரியம். நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கோரின எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் முதலில் உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்கள் பாதி ஜெபத்தில் தூங்கிவிடுகிற காலைகளில் அந்தத் தூதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்களுக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தனி ஆராதனை போதும், சபை தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்வது, வேலையால் வரமுடியாதவர்களைக் குறித்து அல்ல. வரமுடிந்தும் விட்டுவிடுகிற வழக்கத்தைக் குறித்து. ஆகவே அந்த வசனத்தை வைத்து உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் கர்த்தருடைய பந்தியை, அதாவது நற்கருணையை, தனியே கட்டிலில் உட்கார்ந்து எடுக்க முடியாது. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வருவது. 2020-இல் கோவில்கள் பூட்டியிருந்தபோது திரைக்கு முன்னால் அப்பமும் திராட்சரசமும் வைத்து நற்கருணை எடுக்கலாமா என்பதில் சபைகள் ஒன்றுபடவில்லை. நல்ல மனிதர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். நான் அப்போது கூடாது என்ற பக்கம் நின்றேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் மற்றவர்களைத் தவறென்று தீர்க்க என்னிடம் உறுதியான வசனம் இல்லை.

எனவே ஒரு காரியம் செய்யுங்கள். விடுதிக்கு அருகில் உள்ள ஏதாவது ஒரு கோவிலின் குருவானவரிடம், உங்கள் பணி அட்டவணையை அப்படியே காட்டுங்கள். நகரத்துச் சபைகள் பலவற்றில் ஞாயிறு விடியற்காலையிலும் மாலையிலும் தனி ஆராதனைகள் உண்டு; இரவுப் பணி முடிந்து நேரே விடியற்கால நற்கருணைக்குப் போய்விட்டு வந்து தூங்கலாம். அதுவும் முடியாத மாதங்களில், வியாதியஸ்தர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோவது போல உங்களுக்கும் ஒரு வார நாளில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். முப்பத்திரண்டு ஆண்டுகளில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் மூன்றே பேர். மூன்று முறையும் நான் அன்றே போனேன்.